ஒச்சம்மா எனக்குச் செஞ்ச துரோகம்

அந்தப் பெஞ்சில உக்காராதீங்க தம்பி, அதுக்கு ஒரு கால் குட்டை. நேத்து ஒருத்தர் டீயோட சாஞ்சுட்டாரு. இப்படி என் பக்கத்துல வாங்க. எதுத்தாப்புல இருக்கே மஞ்சக் கட்டடம், அங்கதானே வந்திருக்கீங்க? மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது. இந்தக் கடைக்கு வர்றவங்க ரெண்டே வகை. ஒண்ணு போடி பஸ்ஸை விட்டவங்க. இன்னொண்ணு அந்தக் கட்டடத்துக்குள்ள போகக் கால் வராதவங்க. நான் ரெண்டுலயும் சேத்தி இல்லை. நான் கோவிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

யார் மேலன்னு நீங்க கேக்கணும். கேக்காட்டியும் சொல்லத்தான் போறேன். என் பொண்டாட்டி மேல. ஒச்சம்மான்னு பேரு. மாடியில ஜன்னலோரக் கட்டில்ல கிடக்கா. மார்ல ஆரம்பிச்ச புத்து நோய் இடுப்பெலும்புக்கு இறங்கிருச்சு. மதுரையில, இதுக்கு மேல வைத்தியம்னு ஒண்ணும் இல்லை, வலி இல்லாம வச்சுக்கங்கன்னு சொல்லி இங்க அனுப்பிட்டாங்க. அதுக்குன்னே நடத்துற இடம் இது. இங்க நோயைத் தீர்க்க மாட்டாங்க, நோவைத் தீர்ப்பாங்க.

சீக்காளி மேல என்னய்யா கோவம்னுதானே பாக்கறீங்க? முழுசாக் கேட்டுட்டு நீங்களே நியாயம் சொல்லுங்க.

நான் சுருளியாண்டி. போடிமெட்டுல ஏலக்காத் தோட்டத்து ஜீப் ஓட்டினவன். அந்த ரோட்டுல நான் பாக்காத அதிசயம் கிடையாது. ஒரு மழை நாள்ல பிரேக் போயிருச்சு. வண்டி நிறைய ஆளு. முன்னால ஒத்தை யானை நிக்குது. அது என்னைப் பார்த்துச்சு, நான் அதைப் பார்த்தேன். நிலைமை புரிஞ்சுபோய் அது திரும்பி நின்னு, முதுகைக் குடுத்து ஜீப்பைத் தாங்கி, வளைவு வளைவா அடிவாரம் வரைக்கும் இறக்கிவிட்டுச்சு. நான் ஹாரன் அடிச்சு நன்றி சொன்னேன். அது தும்பிக்கையைத் தூக்கி, போயிட்டு வான்னுச்சு.

நீங்க சிரிக்கறீங்க. ஊரே சிரிக்கும். ஒச்சம்மா மட்டும் சிரிக்க மாட்டா. வருசநாட்டு மலைக்காரி அவ. குழம்பைக் கிண்டிக்கிட்டே, யானைக்குப் பதிலுக்கு என்ன குடுத்தீங்கன்னு கேப்பா. அவ்வளவுதான். மறுநாள் நான் யானைக்குக் குடுத்த பலாப்பழக் கதையைச் சொல்லியாகணும். பலாப்பழத்தை எங்க வாங்கினீங்கன்னு அதுக்கு மறுநாள் கேப்பா. இப்படியே ஓடிருச்சு ஆயுசு. பிள்ளை குட்டி இல்லாத வீடு, வேற என்ன சத்தம்? என் கதையை நம்பின ஒரே ஆளு அவ. நம்பினான்னு நான் நம்பினேன்.

இங்க சேர்த்ததும் டாக்டரம்மா வந்தாங்க. நஸ்ரின்னு பேரு, சின்ன வயசு, பொறுமையான பொண்ணு. மார்ஃபின்னு ஒரு தண்ணி மருந்து குடுக்கணும்னாங்க. ஆகாதுன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டேன். எங்க அண்ணனுக்கு அதைத்தான் குடுத்தாங்க, குடுத்த வாரமே ஆள் போயாச்சு. அவருக்குக் கடைசி நேரத்துல குடுத்திருப்பாங்க ஐயா, அதனால மருந்துதான் கொண்டுபோச்சுன்னு உங்களுக்குத் தோணுதுன்னு அந்தப் பொண்ணு விளக்கிச்சு. விளக்கட்டும். படிச்சவங்க விளக்கத்தான் செய்வாங்க. அந்த மருந்தைத் தொட்டவன் பேச மாட்டான் தம்பி. தூங்குவான், தூங்குவான், ஒரு நாள் எந்திரிக்க மாட்டான். பேசாத ஒச்சம்மாவை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? அவளையே கேளுங்கன்னேன். கேட்டாங்க. அவ என் மூஞ்சியைப் பார்த்தா. அவர் சொல்றபடி செய்யுங்கன்னுட்டா. கேட்டுக்கங்க, அவ வாயால சொன்னது.

சரி, அந்த மருந்து வேண்டாம்னா வேற ஒண்ணு வேணும்ல? கஞ்சா. மெதுவாப் பேசுவோம், டீக்கடைக்காரருக்குக் காது நீளம். எங்க தோட்டத்து மேஸ்திரி ஒருத்தருக்கு வயித்துல இதே நோய். கஞ்சிகூட இறங்கலை. மலையில ஒரு கிழவன் கஞ்சா இலையை நெய்யில வதக்கி, கருப்பட்டியில உருட்டிக் குடுத்தான். படுத்த ஆள் எந்திரிச்சு, கிடா வெட்டுக்கு வந்து மூணு ஆள் சோறு தின்னாரு. இது யானைக் கதை மாதிரி இல்லை, நெசம். சரி, ரெண்டு ஆள் சோறுன்னு வச்சுக்கங்க.

விசாரிச்சு விசாரிச்சு மலையடிவாரத்துல ஒரு சடைச்சாமியைப் பிடிச்சேன். இடுப்புல இருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். இது சந்தையில கிடைக்குற சரக்கு இல்லை, மேகம் வந்து மேயுற இடத்துல விளைஞ்சதுன்னான். எனக்கு ஆளைப் பிடிச்சுப்போச்சு. அப்படிப் பேசத் தெரிஞ்சவன் பொய் சொல்ல மாட்டான்னு தோணுச்சு. பிரிச்சுப் பார்த்தேன். விரிச்ச கை மாதிரி இலை, ஓரமெல்லாம் பல்லு பல்லா. படத்துல போடுறாங்களே, அதே இலை.

அதைச் சோத்துத் தூக்குச்சட்டிக்கு அடியில வச்சுக் கொண்டாந்தேன். வழியில செக்போஸ்ட். பஸ்ஸை நிறுத்தி ஒரு நாயை ஏத்தினாங்க. எனக்கு உள்ளங்கால் வேர்த்துருச்சு. நாய் வந்துச்சு, தூக்குச்சட்டியை மோந்துச்சு, என்னைப் பார்த்துச்சு, கொட்டாவி விட்டுட்டு இறங்கிப் போயிருச்சு. நான் பார்வையாலயே அதைக் கட்டிப்போட்டேன் தம்பி. சின்ன வயசுல மலையாளத்து ஆள் ஒருத்தர்கிட்ட கத்துக்கிட்டது.

வீட்டுல பொடிச்சு, நெய்யில வதக்கி, கருப்பட்டிப் பாகுல சுண்டைக்காய் அளவுக்கு உருட்டினேன். பதம் பாக்க ஒரு உருண்டையை வாயில போட்டேன். புளிச்சுது. வீரியம் அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன். அன்னிக்குப் பொழுது சாயுற வரைக்கும் எனக்குத் தரையில கால் பாவலை. அடுப்படியில இருந்து வாசலுக்கு மிதந்துதான் போனேன்.

மறுநாள் ஒச்சம்மா வாயில ஒண்ணு போட்டேன். மென்னா. மெல்லுறதை நிறுத்திட்டு என்னையே பார்த்தா. திரும்ப மென்னு முழுங்கினா. என்னாங்க இதுன்னு கேட்டா. காதுல சொன்னேன். அடேயப்பான்னா. சடைச்சாமி, மேகம், போலீஸ் நாய் எல்லாத்தையும் சொன்னேன். நாய் என்ன நிறம்னு கேட்டா. கொஞ்ச நேரம் கழிச்சு, வலி கழண்டு விழுந்த மாதிரி இருக்குங்கன்னா. ரெண்டு இட்லி தின்னா. அப்புறம் நான் யானைக் கதையை எடுத்தேன். சிரிச்சா தம்பி. வாழ்நாள் பூரா என் கதைக்கு உதடு பிரியாதவ, கட்டிலைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா.

அந்தக் கொஞ்ச நாள் நான் அந்தக் கட்டடத்து வராண்டாவுல ராசா மாதிரி நடந்தேன். டாக்டரம்மாவைப் பார்த்தா மீசையைத் தடவிக்குவேன். தினம் ஒரு உருண்டை, ஒரு கதை. சில நேரம் சேலைத் தலைப்பைப் பல்லுக்கு நடுவுல வச்சுக் கடிச்சுக்குவா. நெத்தியில வேர்வை பூத்திருக்கும். சிரிப்பை அடக்கப் பாடுபடறான்னு நினைச்சேன். அடக்காம வாய்விட்டே சிரிக்கட்டும்னு அந்த இடத்துல கதையை இன்னும் கொஞ்சம் இழுப்பேன்.

அதுக்கப்புறம்தான் அந்தச் சாயங்காலம் வந்துச்சு. நான் தூக்குச்சட்டியோட மாடியேறிப் போறேன், கட்டிலைச் சுத்தித் துணி மறைப்பு இழுத்துவிட்டிருக்கு. உள்ள டாக்டரம்மா இருக்காங்க. பொம்பளைங்க சமாச்சாரமா இருக்கும்னு வெளியவே நின்னேன். ஒச்சம்மா குரல் கேக்குது. அந்தக் குரலை நான் அதுக்கு முன்னால கேட்டதில்லை.

"தாயி, என்னால முடியலை. அன்னிக்குச் சொன்னீங்களே, அந்தத் தண்ணி மருந்தைக் குடுங்க. அவருக்குத் தெரிய வேண்டாம்."

ஐயா தர்ற உருண்டையில வலி தேவலைன்னு சொன்னீங்களேம்மான்னு டாக்டரம்மா கேட்டாங்க. ஆக, உருண்டை விசயத்தை அவங்ககிட்டயும் சொல்லியிருக்கா. அதுவே முதல் துரோகம். அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா?

"அது புளிச்சக்கீரை தாயி. காய வச்ச புளிச்சக்கீரை. எங்க அப்பன் காடு பூரா அதுதான். வாயில வச்சதுமே தெரிஞ்சுபோச்சு."

தெரிஞ்சும் எதுக்கு இத்தனை நாள் தின்னீங்கன்னு டாக்டரம்மா கேட்டாங்க.

"நான் அதைத் தின்னா அவருக்குக் கொஞ்சம் தேவலையா இருக்குது."

எனக்கு என்னய்யா தேவலை? எனக்கா புத்து நோய்? நான் பாட்டுக்குக் குத்துக்கல்லாட்டம் நிக்கறேன். நோயாளி அவ, மருந்து குடுத்தவன் நான். இந்தப் பேச்சுக்கு அர்த்தம் என்னன்னு நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், பிடிபடலை. பிடிபட்டது ஒண்ணுதான். இவ்வளவு நாளும் என்னை வச்சு நாடகம் ஆடியிருக்கா. நான் ஆயிரம் பொய் சொல்லியிருக்கேன் தம்பி, ஒத்துக்கறேன். ஒரு பொய்யாவது யாரையாவது குத்துச்சா? அவ ஆயுசுக்கும் ஒரே ஒரு பொய் சொன்னா. அது நெஞ்சுல முள்ளாட்டம் நிக்குது. அந்தச் சிரிப்பு, அதாவது நெசம்னு நினைச்சேன்.

மறைப்பை விலக்கிட்டு உள்ள போனேன். ரெண்டு பேரும் என்னைப் பார்த்தாங்க. ஒச்சம்மா தலைப்பை இழுத்து வாயைத் துடைச்சுக்கிட்டா. நான் ஒண்ணும் கேக்காத மாதிரி, அவளுக்கு அந்த மருந்தைக் குடுங்கன்னு சொல்லிட்டு ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கிட்டேன். ரோசம் இருக்குல்ல.

டாக்டரம்மா என்னை வராண்டாவுக்குக் கூட்டிட்டு வந்தாங்க. திட்டுவாங்கன்னு நினைச்சேன். ஐயா, கஞ்சா வேணும்னா என்கிட்டயே கேட்டிருக்கலாமேன்னாங்க. இங்க வர்ற சித்த மருத்துவர் அந்த இலை சேர்ந்த லேகியத்தை முறைப்படி எழுதிக் குடுக்கறாராம். அரசாங்க அனுமதியோட செய்யுறதாம். குமட்டல் அடங்கும், சோறு இறங்கும், உடம்பு இறுக்கம் விடும், ஆனா எலும்புக்குள்ள இருக்கிற வலிக்கு அது மட்டும் போதாது, மார்ஃபினும் சேரணும்னாங்க. கேட்டுக்கங்க தம்பி. நான் மலையடிவாரம் வரைக்கும் போய், மேகம் மேயுற கீரையை நாய்க்கு முன்னால கடத்திட்டு வந்திருக்கேன். சமாச்சாரம் இந்தக் கட்டடத்துக் கீழ்த்தளத்துல பூட்டின அலமாரியில இருந்திருக்கு. இன்னும் ஏதோ சொன்னாங்க, இனி நாள் அதிகம் இல்லைங்கற மாதிரி. அப்ப ரோட்டுல ஒரு லாரி போச்சு, எனக்குச் சரியாக் காதுல விழலை.

மறுநாள் ரெண்டையும் குடுத்தாங்க. முதல்ல லேகியம், சின்ன உருண்டை. அவ மென்னுக்கிட்டே என்னைப் பார்த்துத் தலையாட்டினா, இதுதான் அதுங்கற மாதிரி. தட்டுல இருந்த இட்லியைத் தானே பிட்டுத் தின்னா. அப்புறம் தண்ணி மருந்து. நான் கதையை எடுத்தேன். பிரேக் போச்சு, யானை வந்துச்சு, முதுகைக் குடுத்துச்சு. மூணாவது வளைவுல திரும்பிப் பார்த்தா குறட்டை. பொய்க் கஞ்சாவுக்கு முழிச்சிருந்து சிரிச்சவ, நெசக் கஞ்சாவுக்குத் தூங்கிட்டா. நெத்தியில ஒரு சுருக்கம் இல்லை. பொண்ணு பாக்கப் போனப்ப பார்த்த நெத்தி அது. பாக்கப் பாக்க எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு. அப்ப இந்தச் சுருக்கமெல்லாம் எத்தனை நாளா இருந்துச்சுன்னு ஒரு எரிச்சல். ரொம்ப நேரம் உக்காந்து எரிச்சல்பட்டுட்டு வீட்டுக்குப் போனேன்.

அத்தோட விட்டாளா? அதுக்கு மறுநாள் நான் போனப்ப முழிச்சுத்தான் இருந்தா. யானை அடிவாரம் இறங்குற வரைக்கும் கேட்டா. அதுக்கு அடுத்த நாளும் முழிச்சிருந்தா. மருந்து பழகிருச்சு, என் கதைக்கும் மவுசு வந்துருச்சுன்னு எனக்குச் சந்தோசம். கிளம்புறப்ப லூர்து சிஸ்டர் படிக்கட்டுல என்னை நிறுத்துச்சு. வார்டைப் பாக்குற பொண்ணு, வாய் கொஞ்சம் துடுக்கு. தாத்தா, பாட்டி சாயங்கால மருந்தை உங்களுக்காகத் தள்ளிப்போடுது, அவர் வந்துட்டுப் போகட்டும் குடிக்கிறேங்குது, முதல் நாள் தூங்கிட்டேன், யானை என்னாச்சுன்னு தெரியாமப் போச்சுங்குது, அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடக்குது, நீங்க கொஞ்சம் சொல்லக் கூடாதான்னு கேட்டுச்சு.

மறுபடியும் ஏமாத்தியிருக்கா, பாத்தீங்களா? நான் எதுத்த மருந்தை என் முதுகுக்குப் பின்னால கேட்டு வாங்கினா. வாங்கின மருந்தை என் முதுகுக்குப் பின்னால குடிக்காம வச்சா. எந்தப் பக்கம் போனாலும் என் முதுகுதான்.

நான் என்ன லேசுப்பட்ட ஆளா? போற நேரத்தை மாத்தினேன். என்னை எதிர்பாக்க வேண்டாம்னு சிஸ்டர்கிட்ட அவளுக்குச் சொல்லி அனுப்பிட்டு, அவ மருந்து குடிச்சுத் தூங்கின பின்னால போறதுன்னு இந்தப் பெஞ்சில உக்காந்து பொழுதை ஓட்டினேன். நேத்து அப்படித்தான் போனேன். கண்ணை மூடிப் படுத்திருந்தா. பக்கத்துல உக்காந்து, தூங்குறவளுக்குக் கேக்கவா போகுதுன்னு மெதுவாக் கதையை எடுத்தேன். கேக்க ஆளில்லாத கதைக்கு அக்கறை எதுக்கு? வாய்க்கு வந்தபடி, ஒரு கொம்பன் யானை நின்னுச்சுன்னு ஆரம்பிச்சேன்.

"போன தடவை பொட்டை யானைன்னீங்க."

கண்ணைத் திறக்கலை. உதடு மட்டும் அசைஞ்சுது. போர்வைக்கு வெளிய கையைப் பார்த்தேன். கட்டில் கம்பியைப் பிடிச்சிருந்த விரலெல்லாம் வெளுத்துப்போயிருந்துச்சு. மருந்து டம்ளர் ஜன்னல் திண்டுல அப்படியே இருக்கு. வருவேன்னு தெரிஞ்சு, தூங்குற மாதிரி கிடந்திருக்கா.

எனக்கு வந்துச்சே கோவம். ஏன்டி இப்படிச் செய்யுறேன்னு கேட்டேன். குரல் கொஞ்சம் கூடிப்போச்சு, பக்கத்துக் கட்டில் அம்மா எந்திரிச்சுட்டாங்க. அவ கண்ணைத் திறந்து, தூங்கிட்டா கதை போயிருதுங்கன்னா. என் கதையை நீ நம்பினதே இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அப்புறம் என்ன கதைன்னேன். அதுக்கு என்ன சொன்னா தெரியுமா? யானை ஜீப்பை இறக்கும்னு எந்தக் கேனச்சியாவது நம்புவாளான்னா. நம்பாதவ எதுக்குடி கேட்டேன்னு கேட்டேன். அவளுக்கு அதுக்கு மேல மூச்சு ஓடலை.

டம்ளரை எடுத்து நானே வாயில வச்சேன். குடிக்க மாட்டேன்னா. நாளைக்கு ஒரு கதை சொல்லணும், அதைத் தொடங்குறப்ப குடிக்கிறேன், கேட்டுக்கிட்டே தூங்குறேன், அப்படின்னா இப்பக் குடிக்கறேன்னா. சரின்னு தலையாட்டினேன். குடிச்சா. ஒச்சம்மா அப்படித்தான் பேரம் பேசுவா. சந்தையில கத்திரிக்காய்க்காரன்கூட அவகிட்ட தோத்துப்போவான்.

இப்ப என் கஷ்டத்தைக் கேளுங்க. யானைக் கதை மாதிரி ஒண்ணை எடுத்தா, தூக்கத்தோட மல்லுக்கட்டிக்கிட்டு முடிவு வரைக்கும் முழிச்சிருப்பா. மருந்து ஒரு பக்கம் இழுக்கும், கதை ஒரு பக்கம் இழுக்கும், நடுவுல கிடந்து அவ அல்லாடுவா. அதனால இன்னிக்குச் சப்புன்னு ஒரு கதை வேணும். அதிசயம் இல்லாத கதை. யானை, புலி, மலையாளத்து மந்திரம் எதுவும் வரப்படாது. முடிவு என்னன்னு யாரும் கேக்காத கதையா இருக்கணும். கேட்டுக்கிட்டே கண்ணு சொருகணும். அதை யோசிச்சுத்தான் மத்தியானத்துல இருந்து இங்க உக்காந்திருக்கேன். ரெண்டு டீ ஆறிப்போச்சு.

எங்க கல்யாணத்தைச் சொல்லலாம்னு பார்த்தேன். தாலி கட்டுறது வரைக்கும் ஒழுங்கா வருது, அப்புறம் பந்தல்ல இடி விழுந்துருது. நெசத்துல அன்னிக்கு மழையே இல்லை. ஜீப்புக்கு டீசல் போட்ட கதையைச் சொல்லலாம்னு பார்த்தேன். பங்க்குல ஒரு கரடி வந்து வரிசையில நிக்குது. என் நாக்கு அப்படிப் பழகிப்போச்சு தம்பி. நெசத்தை எடுத்தா நாலு வார்த்தைக்கு மேல தாங்க மாட்டேங்குது.

அந்தா, லூர்து சிஸ்டர் மாடி ஜன்னல்ல நின்னு கையைக் காட்டுது. டம்ளரை ஊத்தி வச்சாச்சுன்னு அர்த்தம். இருங்க, எந்திரிச்சுராதீங்க. நீங்க என்ன வேலை பாக்கறீங்க? பத்திர ஆபீஸா? குமாஸ்தாவா? அடடே, உங்களைத்தான் இவ்வளவு நேரமும் தேடிக்கிட்டு இருந்திருக்கேன். காலையில ஆபீஸ் போனதும் என்ன செய்வீங்க? ஃபேன் போடுவீங்க. சரி. மேசையைத் துடைப்பீங்க. எந்தத் துணியில? பழைய பனியன் துணி. ஆகா, நல்லா இருக்கு. மெதுவாச் சொல்லுங்க தம்பி. ஒண்ணையும் விட்டுறாதீங்க. நான் இதை அப்படியே, ஒரு வார்த்தை கூட்டாம, அவகிட்டப் போய்ச் சொல்லணும்.